இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துபோன கசெட்

1995 ஒக்டோபர் கடைசியில் பிரித்தானியக் கடைகளுக்கு ஒரு வீடியோப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு வி.எச்.எஸ். கசெட். பிபிசி தயாரித்த 'ப்ரைட் அன்ட் ப்ரெஜுடிஸ்' தொடரின் ஆறு அத்தியாயங்களும் அதில் இருந்தன. முதலில் அடித்த 12,000 பெட்டிகளும் இரண்டு மணித்தியாலத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. வாரம் முடியும்போது கணக்கு 70,000. ஒரு வருடத்துக்குள் 200,000.

ஒரு புதுப்படக் கொப்பிக்கு அடிபட்டால் அதில் புதுமை ஒண்டும் இல்லை. ஆனால் இது ரீவியில் இலவசமாய் ஓடிக்கொண்டிருந்த தொடர். கடைசி அத்தியாயம் இன்னும் ஒளிபரப்பாகவே இல்லை, வாற ஞாயிறு வரப்போகுது. வீட்டில் டெக் இருந்தவர்கள் ஒரு வெறும் கசெட்டைப் போட்டுப் பதிவுசெய்திருக்கலாம். கதையின் முடிவோ 1813இல் இருந்து எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் சனம் காசு குடுத்து வாங்கினது? அந்த வருடத்து விற்பனையாளர்களுக்கே இதுக்குச் சரியான பதில் தெரியாமல்தான் 12,000 மட்டும் அடித்து வைத்திருந்தார்கள்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால போவம்.

ஜேன் ஆஸ்டின் இந்தக் கதையின் முதல் வடிவத்தை எழுதியது 1796–97இல், இருபது இருபத்தொரு வயதில். அவரின் தகப்பன் ஒரு லண்டன் பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார். அவர்கள் பிரதியைப் பார்க்கக்கூட விரும்பாமல் திருப்பி அனுப்பினார்கள். பதினாறு வருடம் கழித்து, 1813 ஜனவரி 28இல், தோமஸ் எஜர்ட்டன் என்ற பதிப்பாளர் அதை மூன்று பாகமாக வெளியிட்டார். விலை 18 ஷில்லிங். ஆசிரியரின் பெயர் அட்டையில் இல்லை. ஆஸ்டின் கேட்டது 150 பவுண், கிடைத்தது 110. உரிமையை முழுசாக விற்றுவிட்டபடியால் அதே வருடம் இரண்டாம் பதிப்பு வந்தபோதும் அவர் கையில் ஒரு சதம் கூடுதலாய் விழவில்லை.

18 ஷில்லிங் அந்தக் காலத்தில் சின்னக் காசு இல்லை. அதனால கனபேர் நாவலை வாங்கி வாசிக்கவில்லை, சந்தா கட்டி வாடகை நூலகத்தில் எடுத்து வாசித்தார்கள். எங்கட வீடியோக் கடை மாதிரித்தான்: ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு போ, வாசி, திருப்பிக் குடு, அடுத்த பாகம் வேறொருவர் கையில் இருந்தால் காத்திரு. இந்த நாவலின் இரண்டாம் பாகம் எங்கே முடிகிறது தெரியுமா? எலிசபெத் பெம்பர்லிக்கு, அதாவது தான் மறுத்த ஆணின் வீட்டுக்கு, சுற்றிப்பார்க்கப் போகத் தீர்மானிக்கிற இடத்தில். மூன்றாம் பாகம் கிடைக்காத வாசகி அந்த வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். ரீவித் தொடர் எழுதுபவர்கள் அத்தியாயக் கடைசியில் ஆளைத் தொங்கவிடுகிற வித்தையைத் தாங்கள்தான் கண்டுபிடித்தது மாதிரிக் கதைப்பார்கள், பாவம்.

நாவலுக்குள்ளேயே இந்த வாடகைப் புத்தகம் ஒரு நகைச்சுவைக் காட்சியாக வருகிறது. கொலின்ஸ் பாதிரியாரிடம் சத்தமாய் வாசிக்கச்சொல்லி ஒரு புத்தகம் குடுக்கிறார்கள். அது வாடகை நூலகத்துப் புத்தகம் என்று பார்த்ததுமே அவர் திடுக்கிட்டு, தான் நாவலே வாசிப்பதில்லை என்று சொல்லி, ஒரு பிரசங்கத் தொகுப்பை எடுக்கிறார். இளம் பெண்கள் விரும்பி வாசிக்கிறதைக் கண்டால் முகம் சுழிக்கிற ஆட்களை ஆஸ்டின் நல்லாய்ப் பார்த்திருக்கிறார். அந்த ஆட்கள் 1995இலும் வருவார்கள்.

இந்த நாவலைத் தொலைக்காட்சியில் நடிப்பது 1995இல் தொடங்கின விசயம் இல்லை. பிபிசி தொலைக்காட்சி பிறந்து இரண்டு வருடத்தில், 1938இலேயே ஒரு வடிவம் ஒளிபரப்பானது. பிறகு 1952இல் ஒண்டு. அதில் டார்சியாக நடித்தவர் பீட்டர் குஷிங். பிறகு திகில் படங்களிலும் முதல் 'ஸ்டார் வோர்ஸ்' படத்திலும் வந்தாரே, அவரேதான். 1958, 1967, 1980 என்று திரும்பத்திரும்ப எடுத்தார்கள். 1940இல் ஹொலிவூட்டும் லோரன்ஸ் ஒலிவியேயை வைத்து ஒரு படம் எடுத்தது.

ஆனால் 1938 நாடகத்தை இண்டைக்கு யாராலும் பார்க்க ஏலாது. அது நேரடி ஒளிபரப்பு. நடிகர்கள் கமராவுக்கு முன் நடித்தார்கள், அது காற்றோடு போனது, அவ்வளவுதான். 1952, 1958 வடிவங்களும் தொலைந்துவிட்டதாகவே கணக்கு. பிபிசி பிற்காலத்திலும், பதிவுசெய்த நாடாக்களைக்கூட அழித்து மறுபடி பாவித்த நிறுவனம். நாடா விலை கூட, இடமும் இல்லை, ஒருக்கா ஓடின நாடகத்தை யார் திரும்பக் கேட்கப்போகினம் என்ற நினைப்பு. தொலைக்காட்சி என்பது அப்ப பேப்பர் மாதிரி இல்லை, பேச்சு மாதிரி. பேசி முடிந்தால் முடிந்ததுதான்.

அந்த நினைப்பை உடைத்தது நிறுவனங்களின் நல்ல மனசு இல்லை, சனத்தின் வீட்டுக்குள் வந்த ஒரு பெட்டி. ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை ஜப்பானில் 1976இல் விற்பனைக்கு விட்டது. ஹொலிவூட் பயந்தது. வீட்டில் பதிவுசெய்வது களவு என்று சோனியின் பீட்டாமக்ஸ் இயந்திரத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறகு பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியை வீட்டில் பதிவுசெய்வது குற்றமில்லை என்று தீர்த்தது. 1980களின் தொடக்கத்தில் பிபிசியும் தன் நிகழ்ச்சிகளை வீடியோவாக விற்க ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. அழித்துக்கொண்டிருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். விற்கலாம் என்று தெரிந்தபிறகுதான் பாதுகாக்கவேணும் என்ற எண்ணமே வந்தது.

எங்கட அம்மா அப்பாமாருக்கு இந்தப் பெட்டியின் கதை வேறு. டெக்கையும் ரீவியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூண்டு படம் பார்த்த தலைமுறை அது. கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் சத்தத்தோடு பார்த்தார்கள். வெளிநாட்டுக் கல்யாண வீட்டுக் கசெட் வந்தால் அதிலும் ஒரு சிக்கல்: லண்டனில் இருந்து வந்த கசெட் இங்கே ஓடும், கனடாவில் இருந்து வந்தது ஓடாது. பிரித்தானியாவும் இலங்கையும் பாவித்தது பால் முறை, வட அமெரிக்கா பாவித்தது என்.ரி.எஸ்.சி. முறை. இரண்டும் ஓடுகிற டெக் வைத்திருந்த வீட்டுக்கு ஊரில் தனி மரியாதை. ஆக, ஒரு காட்சியை நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, "இது ஆர், அண்ணாவோ?" என்று திரும்பப் பார்க்கிற பழக்கம் இங்கிலாந்துப் பெண்களுக்கு மட்டும் உரியதில்லை.

சரி, 1995க்கு வருவம். இந்தத் தொடரின் யோசனை தயாரிப்பாளர் சூ பேர்ட்விஸலுக்கு 1986இலேயே வந்தது. திரைக்கதையாசிரியர் அன்ட்ரூ டேவிஸோடு கதைத்தார். ஆனால் 1980 தொடர் இன்னும் சனத்தின் ஞாபகத்தில் இருக்கு என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அந்த 1980 தொடரை எழுதியவர் ஃபே வெல்டன் என்ற நல்ல நாவலாசிரியர். இண்டைக்குப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள், மேடை நாடகம் போல அடக்கமாக ஓடும். நாங்கள் அதை மட்டம் தட்டவில்லை. எலிசபெத் காவி நடித்த எலிசபெத்தை இன்னும் விரும்புகிறவர்கள் இருக்கினம். ஆனால் பேர்ட்விஸல் கேட்டது வேறு. வீடியோ நாடாவில் இல்லை, ஃபிலிமில் எடுக்கவேணும், வெளியில எடுக்கவேணும். 1994 ஜூனில் தொடங்கி நவம்பர் வரை எடுத்தார்கள். இயக்கியவர் சைமன் லாங்டன். ஓர் அத்தியாயத்துக்குக் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பவுண் செலவு. மெரிட்டன் ஊருக்கு வில்ட்ஷயரில் உள்ள லேக்கொக் கிராமம். பெம்பர்லியின் வெளிப்புறத்துக்கு செஷயரின் லைம் பார்க். அதே வீட்டின் உட்புறத்துக்கோ டார்பிஷயரில் உள்ள சட்பரி ஹோல். எலிசபெத் பெம்பர்லி வாசலைத் தாண்டி ஓர் அடி வைக்கும்போது உண்மையில் ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறாள்.

ஃபிலிமில் எடுத்தது இரண்டு விதத்தில் உதவியது. ஒண்டு, திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அலுக்காத பச்சையும் வெளிச்சமும். மற்றது, பிற்காலத்தில் மூல நெகடிவுக்குப் போய் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் புதுசாய்ப் பிரதி எடுக்க முடிந்தது. வீடியோ நாடாவில் எடுத்திருந்தால் அதில் இருக்கிற அளவு தெளிவுதான், அதுக்கு மேல் இல்லை.

1995 செப்டம்பர் 24 தொடக்கம் ஞாயிறு இரவுகளில் ஓடியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரித்தானியர்கள் பார்த்தார்கள். மூன்றாம் அத்தியாயம் டார்சி முதல்தரம் காதலைச் சொல்லி வாங்கிக்கட்டுகிற இடத்தில் முடியும். நாலாவது ஒக்டோபர் 15. அதில்தான் அந்தக் குளம்.

நாவலில் குளத்தில் குதிக்கிற காட்சி கிடையாது. டார்சி எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்கு வாறார், எலிசபெத் அங்கே நிற்கிறாள், இரண்டு பேரும் வெட்கத்தில் சிவக்கிறார்கள், அவ்வளவுதான். டேவிஸ் அதுக்கு முன்னால் ஒரு வெக்கைப் பகலும் ஒரு நீந்தலும் சேர்த்தார். டார்சி உடுப்பில்லாமல் குதிப்பார் என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார், கடைசியில் வெள்ளைச் சேட்டோடு முடிந்தது. குதித்தது கொலின் ஃபர்த்தும் இல்லை. குளத்துத் தண்ணியால் எலிக்காய்ச்சல் வரலாம் என்ற பயத்தில் ஒரு சண்டைக்கலைஞரைக் குதிக்கவிட்டார்கள், தண்ணிக்கு அடியில் உள்ள காட்சியை ஒரு ஸ்டூடியோத் தொட்டியில் எடுத்தார்கள். நம்மட ஊர் வயல்காரருக்கு எலிக்காய்ச்சல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. காதல் மன்னனுக்கும் அதே பயம்தான்.

இந்தக் காட்சி போன அடுத்த வாரங்களில்தான் கசெட் கடைக்கு வந்தது என்பதைக் கவனியுங்கோ. வாங்கினவர்கள் கதையின் முடிவைத் தெரிஞ்சுகொள்ள வாங்கவில்லை. ஏற்கெனவே பார்த்ததைத் திரும்பப் பார்க்க, விரும்பின இடத்தில் நிறுத்த, விரும்பினதரம் சுற்ற வாங்கினார்கள். எங்கட கணிப்பில் தொலைக்காட்சி வரலாற்றில் இது பெரிய விசயம். யார் எப்ப எதைப் பார்க்கவேணும் என்று ஒளிபரப்பாளர் தீர்மானித்த காலத்தில், வீட்டில் ரிமோட் பெரும்பாலும் ஆம்பிளையளின் கையில் இருந்த காலத்தில், ஒரு பெரிய பெண் கூட்டம் காசு குடுத்து அந்தத் தீர்மானத்தைத் தன்கைக்கு எடுத்தது. அதுவரை தொலைக்காட்சிக் கமரா பெண்ணைப் பார்க்கத்தான் பழகியிருந்தது. இங்கே கமரா எலிசபெத்தின் கண்ணாக மாறி ஆணைப் பார்த்தது. பார்த்ததைத் திரும்பப் பார்க்கவும் வழி செய்தது கசெட்.

பத்திரிகைகள் இதை 'டார்சிமேனியா' என்று பகிடியாக எழுதின. ஈரச்சேட்டுக்குப் பைத்தியம் பிடித்த பெண்கள் என்ற தொனி. கால்பந்து வெறியை யாரும் இப்பிடிக் கேட்பதில்லை. அந்தப் பகிடியைத் தங்களுக்கே சொந்தமாக்கித் திருப்பி அடித்தவர் ஹெலன் ஃபீல்டிங். 1995இல் ஒரு லண்டன் பத்திரிகையில் பத்தியாகத் தொடங்கிய அவருடைய பிரிஜெட் ஜோன்ஸ் நாட்குறிப்பு 1996இல் நாவலானது. அதன் நாயகனின் பெயர் மார்க் டார்சி. கதையின் எலும்பும் ஆஸ்டினுடையது. இரண்டாவது நாவலில் பிரிஜெட் அந்தக் குளத்துக் காட்சியை வீடியோவில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள், கொலின் ஃபர்த்தைப் பேட்டியும் எடுக்கிறாள். 2001இல் படமாக வந்தபோது மார்க் டார்சியாக நடித்தது அதே கொலின் ஃபர்த். 2013இல் லண்டன் ஹைட் பார்க் ஏரிக்குள் பன்னிரண்டு அடி உயர டார்சி சிலையை விளம்பரத்துக்காக நிறுத்தினார்கள். நெஞ்சளவு தண்ணிக்குள், ஈரச்சேட்டோடு.

இவ்வளவு பேசியபிறகும் சொல்லவேணும்: அந்தக் காட்சி தொடரின் மிக நல்ல காட்சி இல்லை. ஆறு அத்தியாயத்தையும் தாங்குவது ஜெனிஃபர் ஈலியின் முகம். ஒருத்தர் முட்டாள்தனமாய்க் கதைக்கும்போது சிரிப்பை உதட்டோரத்தில் பிடித்துவைப்பதும், டார்சியின் கடிதத்தை வாசிக்கும்போது கோபம் மெல்ல மெல்ல வெட்கமாக மாறுவதும், பாருங்கோ, அதுதான் சுற்றிப் பார்க்கவேண்டிய இடம். பிரித்தானியாவின் பஃப்டா விருது அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது. ஃபர்த் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. ஆனால் சிலை யாருக்கு வைத்தார்கள் என்று பார்த்தீர்கள்தானே.

இன்னொண்டு, ஷார்லட் லூகஸ். எலிசபெத்தின் சிநேகிதி, 27 வயது, பெரிய அழகும் காசும் இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன கொலின்ஸ் பாதிரியாரை மூன்று நாளுக்குள் கட்டச் சம்மதிக்கிறாள். சின்ன வயசில் பார்க்கும்போது அவளில் ஆத்திரம்தான் வரும். கணக்கைப் பார்த்தால் வராது. பெனட் குடும்பத்தின் வருமானம் வருடம் 2,000 பவுண். தகப்பன் செத்தால் ஆண்வாரிசு இல்லாதபடியால் காணியும் வீடும் அந்தக் கொலின்ஸுக்குப் போகும். எலிசபெத்துக்குத் தாய்க்குப் பிறகு வரப்போகிற பங்கு 1,000 பவுண் முதல். அதன் வட்டியில் வருடம் 40 பவுண். டார்சிக்கு வருடம் 10,000. இந்த இலக்கங்களைத் தெரிஞ்சுகொண்டு எலிசபெத் டார்சியை மறுக்கிற காட்சியைத் திரும்பப் பாருங்கோ. அது காதல் காட்சி இல்லை, ஒரு பெண் தன் எதிர்காலத்தை மேசையில் வைத்துச் சூதாடுகிற காட்சி. டேவிஸின் திரைக்கதை காசை மறைக்காமல் முன்னுக்கு வைக்கிறது. அதுக்காகவே நாங்கள் 2005 படத்தை விட இதைத் தூக்கிப் பிடிக்கிறம்.

அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்தில் கல்யாணம் கட்டின பெண்ணின் சொத்து பொதுவாகக் கணவன் கைக்குப் போனது. அது முழுசாக மாற 1882 மட்டும் காத்திருக்கவேண்டியிருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த எங்கட தேசவழமையில் சீதனம் பெண்ணின் பெயரில் நிற்கும் சொத்து, ஆனால் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேணும். எது நல்லது என்று இங்கே தீர்ப்புச் சொல்லவரவில்லை. பெனட் அம்மாவின் அந்தரத்தை ஆங்கிலேய வாசகர்கள் பகிடியாகப் பார்க்கலாம். ஐந்து பொம்பிளைப் பிள்ளை உள்ள வீட்டை அறிந்த எங்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். இந்த நெருக்கம் தெரிஞ்சபடியால்தான் ராஜீவ் மேனனுக்கு ஆஸ்டினின் இன்னொரு நாவலை 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆக்க முடிந்தது. மூலக்கதையைச் சொல்லாமல் காட்டினால் அது காரைக்குடிக் கதை என்றுதான் யாரும் நம்புவார்கள்.

திகதிகளைச் சரிபார்க்கும்போது ஓரிடத்தில் நாங்கள் நின்றுவிட்டம். தொடரின் கடைசி அத்தியாயம், இரட்டைக் கல்யாணம், 1995 ஒக்டோபர் 29 ஞாயிறு இரவு. அடுத்த நாள், ஒக்டோபர் 30, வலிகாமம் எழும்பினது. மழைக்குள், ஒரே ரோட்டால், இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு நடந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வலிஞ்சு பொருத்தவும் விருப்பமில்லை. ஆனால் அந்த வாரம் ஓரிடத்தில் ஒரு தொடரை வீட்டில் என்றென்றைக்கும் வைத்திருக்கவேணும் என்று கடையில் வரிசையில் நின்றார்கள். இன்னோரிடத்தில் வீட்டில் வைத்திருந்த அல்பத்தையும் கல்யாணக் கசெட்டையும் எடுப்பதோ விடுவதோ என்று ஒரு நிமிசத்தில் தீர்மானிக்கவேண்டி இருந்தது. 1938 நாடகம் பதிவே ஆகாமல் போனது. எங்கட வீடுகளில் பதிவாகினதே போனது. பிபிசி தன் தொலைந்த நாடாக்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தக் கசெட்டுகளுக்குப் பட்டியல் இல்லை.

அமெரிக்காவில், செலவில் பங்குபோட்ட ஏ அன்ட் ஈ அலைவரிசை 1996 ஜனவரியில் மூன்று இரவுகளில் தொடரைப் போட்டது. பிறகு டிவிடி வந்தது, பக்கத்துக் கடையில் கொப்பி அடித்த டிஸ்க்கும் வந்தது, குளம் மட்டும் தனியாக வெட்டிய துண்டு யூடியூப்பில் வந்தது. எங்களில் கனபேர் முதலில் பார்த்தது அந்தத் துண்டைத்தான், பிறகு கீரா நைட்லியின் படம், அதுக்குப் பிறகுதான் தொடர், கடைசியாய் நாவல். ஒழுங்கு தலைகீழ். பரவாயில்லை. முழுசாகப் பார்க்க ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும். நாலாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் டார்சி இரவிரவாய் அந்தக் கடிதத்தை எழுதுகிற இடத்தில் ஃபோனை ஒருக்கா கீழே வைத்துவிட்டுப் பாருங்கோ. குளம் அதுக்குப் பிறகுதான் வரும்.